அனுப்புவோர் யார்? அனைத்துலக அசைவூட்டப்பட விழாக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திரைப்பட வரலாறு எழுதப்படும்பொழுது படத்தை ஆக்கியோரைப் பற்றியும் அதனைப் பார்த்தோரைப் பற்றியும் விரிவாகப் பேசப்படுவதுண்டு. இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று படத்தை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பிவைத்தவர் யார் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வணிகப் படங்களைப் பொறுத்தவரை இது பெரிய குறையன்று. விநியோகத்தர் படத்தை வாங்குகின்றார், அரங்குகள் காட்டுகின்றன. ஆனால் பத்து நிமிடமே ஓடும் அசைவூட்டக் குறும்படமொன்றுக்கு அத்தகைய சந்தை பெரும்பாலும் வாய்த்ததில்லை. அனைத்துலக விழாவொன்றுக்கு அனுப்பப்பட்டு அங்கு ஏற்றுக்கொள்ளப்படுவதே பல படங்களுக்குக் கிட்டிய பொதுவாழ்வாக இருந்துள்ளது. ஆகவே விழாவின் விண்ணப்பப் படிவம் கேட்கும் இரு எளிய வினாக்கள் இங்கு ஆராயத்தக்கன. இஃது எத்தகைய படம்? இதனை அனுப்புவோர் யார்?

முதலாவது வினா தோற்றத்தில் எளிதாயினும் அதற்கு விடைகாண உலகம் நெடுங்காலம் இடர்ப்பட்டது. 1950களின் தொடக்கம்வரை இத்துறைப் படங்கள் யாவும் 'கார்ட்டூன்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. பாவைகளை இயக்கி எடுத்த படமும், படச்சுருளின்மீது நேரே கீறப்பட்ட படமும் அப்பெயருக்குட் பொருந்தாது தவித்தன. கனேடிய தேசிய திரைப்படச் சபையிற் பணியாற்றிய நோர்மன் மக்லாறன் 1952இல் ஆக்கிய 'அயலவர்' இதற்குத் தக்க சான்றாகும். ஒரு பூவுக்காக இரு அயலவர் சண்டையிட்டு மடியும் எட்டு நிமிடக் கதை அது. நடித்தவர்கள் உயிருள்ள மனிதர்களே. எனினும் ஓவியத்தை அசைப்பது போன்று அவர்களை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்திப் படம்பிடித்திருந்தார் மக்லாறன். 1953இல் அப்படத்துக்கு ஒஸ்கார் விருது கிட்டியது. ஆனால் வழங்கப்பட்டது குறும் ஆவணப்படத்துக்கான விருது! கற்பனைக் கதையொன்று ஆவணமாகக் கணிக்கப்பட்டமை இன்று நகைப்பை விளைப்பினும், அன்றைய வகைப்பாட்டிற் குடியிருக்க இடமற்றிருந்த ஒரு கலையின் நிலையை அது காட்டுகின்றது.

பிரான்சில் ஆந்திரே மார்த்தன் என்ற விமர்சகர் 'அசைவூட்டத் திரைக்கலை' என்ற தொடரை இக்காலத்தில் விடாப்பிடியாகப் பரப்பினார். அவரும் நண்பர்களும் முயன்றதன் பயனாக 1956இற் கான் நகரில் அசைவூட்டப்படங்களுக்கெனத் தனியான அனைத்துலகக் கூட்டமொன்று நிகழ்ந்தது. 1958இல் அது மீண்டும் கூடிற்று. பெருந்திரைப்பட விழாவின் ஆரவாரத்தில் இச்சிறு படங்கள் அமிழ்ந்துபோவதைக் கண்ட அமைப்பாளர்கள் 1960இல் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் ஏரிக்கரை நகரான அனெசிக்கு அதனை மாற்றினர். அவ்வாண்டின் பெரும்பரிசு செக்கோசிலவாக்கியப் பாவைப்படக் கலைஞர் பிரெட்டிஸ்லாவ் பொயாரின் 'சிங்கமும் பாடலும்' என்ற படத்துக்குச் சென்றது. அனைத்துலக அசைவூட்டப்படச் சங்கமாகிய அசிஃபா அனெசியில் உருவாயிற்று. அதன் முதற்றலைவர் முற்கூறிய மக்லாறனே. யுனெஸ்கோ நிறுவனத்துக்காகச் சீனத்திலும் இந்தியாவிலும் பணியாற்றிவந்த அவர், கிழக்கு மேற்கு என்னும் இருமுகாம்களினதும் கலைஞர்கள் ஒருங்கமர்ந்த அச்சங்கத்துக்குத் தலைவராயமைந்தமை பொருத்தமானதே.

வகைப்பாட்டுச் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. போலந்தின் ஸ்பிக்னியேவ் ரிப்சின்ஸ்கி 1980இல் ஆக்கிய 'ரங்கோ' என்ற படத்தில் ஒரே அறைக்குள் முப்பத்தாறு மனிதர் வந்துபோய்க்கொண்டே இருப்பர், ஒருவரோடொருவர் முட்டுவதில்லை. வரையப்பட்ட உருவம் எதுவுமின்றி, படமெடுத்த மனிதரை வெட்டியெடுத்து ஒளியச்சுப் பொறியில் மீண்டும் மீண்டும் பதித்து உருவாக்கிய படம் அது. 1983இல் அதற்கு அசைவூட்டக் குறும்படத்துக்கான ஒஸ்கார் கிட்டியது. முப்பது ஆண்டுகளில் வகைப்பாடு எவ்வளவு நெகிழ்ந்துவிட்டதென்பதை 'அயலவ'ரையும் 'ரங்கோ'வையும் அருகருகே வைத்து நோக்குவோர் உணர்வர். இந்நெகிழ்வில் விழாக்களின் பங்கு பெரிதென்பது எமது கருத்து.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். ஒரு படத்தை அனுப்புதல் என்பது அக்காலத்தில் ஒரு பொருளைச் சுமந்து செல்லுதலாகும். 35 மில்லிமீற்றர் சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகங்கள்; செக்கனுக்கு இருபத்துநான்கு சட்டகங்கள் ஓடவேண்டும். எனவே பத்து நிமிடப் படமென்பது 14,400 சட்டகங்கள் கொண்ட 900 அடிச் சுருள். தகரப்பெட்டியில் இட்டு, சுங்கப் பத்திரங்களுடன் அனுப்பி, விழா முடிந்ததும் திருப்பிப் பெறவேண்டும். தனிமனிதருக்கு இது எளிதன்று. செக்கோசிலவாக்கியாவில் 1945இலேயே திரைப்படத்துறை அரசுடைமையாக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்திலும் நிலைமை அதுவே. படத்தின் மூலப்படிவமும் பிரதிகளும் நிலையத்துக்கே உரியன. எல்லையைக் கடக்கும் உரிமை அரச ஏற்றுமதி நிறுவனத்தின் கையில் இருந்தது. கலைஞன் வரைந்தான், அரசு அனுப்பிற்று. கனடாவிலும் மக்லாறனின் படங்கள் அரசநிறுவனத்தின் படங்களே என்பதை மறத்தலாகாது. அங்கு அனுப்புவோருக்கும் ஆக்குவோருக்குமிடையிற் பகை மூளவில்லை என்பதே வேறுபாடு.

இவ்வாறு அனுப்பப்படுதல் படங்களின் இயல்பையும் பாதித்தது. உரையாடல் மிகுந்த படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், உபதலைப்பு வேண்டும், செலவு வேண்டும். சொல்லற்ற படமோ எந்த அரங்கிலும் அப்படியே ஓடும். கடற்கரைக்குச் செல்லும் மனிதனொருவன் காற்றடைத்த பொருள்களால் தன் உலகையே ஊதியெடுக்கும் துசான் வுகோட்டிச்சின் 'சரோகாற்' என்ற சாகிரெப் படம் சொற்களை நம்பி நிற்பதன்று. அமெரிக்கரல்லாதார் ஆக்கிய அசைவூட்டக் குறும்படத்துக்கு முதன்முறையாக ஒஸ்காரை ஈட்டித்தந்தது அது. விழாக்களுக்காகவே சொல் துறக்கப்பட்டது எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் சொல்லற்ற படம் தொலைதூரம் சென்றது என்பதில் ஐயமில்லை.

சொல்லின்மைக்கு வேறொரு பயனும் இருந்தது. தணிக்கையாளன் அடிக்கோடிடுவதற்கு வசனம் இல்லாதுபோயிற்று. யிர்ஷி ற்றிங்கா 1965இல் ஆக்கிய 'கை' என்ற பாவைப்படம் இதனை நன்கு விளக்கும். மட்பாண்டக் கலைஞன் ஒருவன் தன் பூச்செடிக்குச் சாடி வனைந்து அமைதியாக வாழ்கின்றான். கையுறையணிந்த பேருருவக் கையொன்று அறைக்குள் நுழைந்து, சாடியை விட்டுத் தன் உருவத்தை வனையுமாறு பணிக்கின்றது. இணங்காதவனைக் கூட்டிலடைத்துச் சிலைசெதுக்க வைக்கின்றது. தப்பியோடி வீடு திரும்பியவன் இறந்ததும், அதே கை அவனுக்குச் சிறப்பான இறுதிமரியாதையைச் செய்து முடிக்கின்றது. பொருள் விளங்காதவர் யார்? அவ்வாறிருந்தும் படம் அரச நிலையத்திலேயே ஆக்கப்பட்டு, அனெசிக்கு அனுப்பப்பட்டு, நடுவர்குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றது. செக்கோசிலவாக்கியாவில் அப்போது சற்று இளகிய காலம். 1968இற் படைகள் புகுந்தன. 1969 டிசெம்பரில் ற்றிங்கா காலமானார். நாடு அவருக்குப் பெருமரியாதை செய்தது. சில மாதங்களில் 'கை'யின் பிரதிகள் கைப்பற்றப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படம் தாய்நாட்டில் முடக்கப்பட்டிருந்தது. கலைஞன் தன் படத்தின் இறுதிக்காட்சியைத் தன் இறப்பின்போதே மெய்ப்பித்தான் என எண்ணத் தோன்றுகின்றது.

யான் சுவங்மயர் விடயத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1982இல் அவர் ஆக்கிய 'உரையாடலின் பரிமாணங்கள்' மூன்று பகுதிகளைக் கொண்டது. காய்கறிகளாலும் சமையற் கருவிகளாலும் எழுது பொருள்களாலும் ஆன தலைகள் ஒன்றையொன்று விழுங்கி உமிழ்ந்து, ஈற்றில் வேறுபாடற்ற களிமண் தலைகளாய் முடிவது முதற்பகுதி. இறுதிப்பகுதியில் இரு தலைகள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. ஒன்று பற்றூரிகையை நீட்ட மற்றது பற்பசையை நீட்டுகின்றது. பாணுக்கு வெண்ணெய், பென்சிலுக்குச் சீவி. பின்னர் பொருத்தங்கள் மாறுகின்றன. பற்பசை பாணின்மீது படிகின்றது. ஈற்றில் இரு தலைகளும் வெடித்துக் களைத்து விழுகின்றன. 1983இல் பெர்லினிற் குறும்படத்துக்கான தங்கக் கரடியும் அனெசியிற் பெரும்பரிசும் இப்படத்துக்கு வழங்கப்பட்டன. பிராகிலோ, இத்தகைய படம் இனி வரலாகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கட்சியின் கருத்தியற் குழுவுக்கு அது திரையிடப்பட்டது. ஒரே அரசு வெளியே பரிசையும் உள்ளே கண்டனத்தையும் தேடிக்கொண்டது எவ்வாறு? அந்நியச் செலாவணியையும் நற்பெயரையும் நாடிய அலுவலகமும், கருத்தைக் காவல்செய்த அலுவலகமும் வெவ்வேறாக இருந்தமையே காரணம் என்று கொள்ளலாம். இவ்விரு அலுவலகங்களுக்கும் இடையிலிருந்த இடுக்கிற்றான் படம் வெளியேறிற்று.

சோவியத் ஒன்றியத்தில் யூரி நோர்ஷ்ரெயினின் 'கதைகளின் கதை'யும் அதிகாரிகளின் ஆட்சேபங்களைத் தாண்டியே 1979இல் நிறைவெய்தியது. படத்தின் தலைப்பே மாற்றப்பட்டது. மறுவருடம் சாகிரெப் விழாவில் அது பெரும்பரிசைப் பெற்றது.

சாகிரெப்பைப் பற்றி இங்கு சிறிது கூறவேண்டும். அனெசிக்கு இணையான கிழக்கைரோப்பிய மேடையாக ருமேனியாவின் மமாயா 1966 முதல் 1970 வரை மூன்று விழாக்களை நடத்தியது. அது நின்றபின் 1972இற் சாகிரெப் அப்பணியை ஏற்றது. அணிசேரா நாடான யூகோசிலாவியாவில் விழா அமைந்தமையால் இருமுகாம்களும் தயக்கமின்றிப் படம் அனுப்பின. அனெசி ஒற்றையாண்டிலும் சாகிரெப் இரட்டையாண்டிலும் நடைபெற்றன. 1976இல் ஒட்டாவாவும் சேர்ந்துகொண்டது. அதன் முதற்பெரும்பரிசு கரலைன் லீஃபின் 'வீதி'க்குக் கிட்டியது. கண்ணாடித் தகட்டில் வர்ணத்தைப் பூசியும் அழித்தும் ஆக்கப்பட்ட அப்படம் உரையாடல் நிறைந்தது என்பது, சொல்லின்மை பற்றி முன்னர் கூறியதற்கு விலக்காகக் குறிப்பிடத்தக்கது.

1985இல் விழா ஆசியாவுக்கு வந்தது. அணுகுண்டு வீழ்ந்து நாற்பதாம் ஆண்டு நிறைவில் ஹிரோசிமாவில் அதனைத் தொடக்கியவர்கள் ரென்சோ, சயோகோ கினோசித்தா தம்பதியர். குண்டுவீச்சு நாளின் காலைப்பொழுதைக் காட்டும் 'பிக்காடோன்' என்ற படத்தை அவர்கள் 1978இலேயே ஆக்கியிருந்தனர். முதற்பெரும்பரிசைப் பெற்றது ஒசாமு தெசுக்காவின் 'பழுதடைந்த படம்'. கீறல், அழுக்கு, சட்டகம் நழுவுதல் ஆகிய பழம்பிரதியின் நோய்கள் யாவற்றையும் வேண்டுமென்றே வரைந்து நகையாடிய சிறுபடம் அது. பிரதிகளைப் பெட்டியிலிட்டு அனுப்பி அவை எந்நிலையில் வந்துசேருமோ என்று அஞ்சியிருந்தவர்கள் கூடிய அரங்கில் அது எத்தகைய சிரிப்பை எழுப்பியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அவ்விழா 2020உடன் முடிவுற்றது.

தகரப்பெட்டிகளும் இன்று மறைந்துவிட்டன. படக்கோப்பை இணையவழி அனுப்பிப் படிவத்தை நிரப்புவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அனெசிக்கு மட்டும் ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வருகின்றன. அவற்றுட் கணிசமானவை மாணவர் ஆக்கங்கள். அரச நிலையமோ ஏற்றுமதி நிறுவனமோ இடையில் நிற்கவேண்டியதில்லை. தெரிவுக்குழுவின் வாயில் ஒடுங்கியதே. பல விழாக்கள் அறவிடும் நுழைவுக் கட்டணமும் வறிய நாட்டுக் கலைஞனுக்குச் சுமையே. எனினும் 'அனுப்புவோர்' என்ற இடத்தில் ஆக்கியோன் தன் பெயரையே எழுதலாம் என்பது சிறிய மாற்றமன்று.

ஆனால் அனுப்பிய படம் அனுப்பியபடியே நிலைத்துநிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சீனத்தின் லியூ ஜியான் பெரும்பகுதியைத் தாமே வரைந்து ஆக்கிய 'இனிய நாளாகுக' என்ற முழுநீளப்படம் 2017 பெப்ரவரியிற் பெர்லின் விழாப் போட்டியில் இடம்பெற்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அனெசியிலும் அது போட்டியிட இருந்தது. சீனமே அவ்வருட விழாவின் சிறப்பு விருந்தினர் நாடு. விழாத் தொடங்குமுன் சீன அதிகாரிகளின் அழுத்தத்தாற் படம் விலக்கப்பட்டது. விழா அமைப்பாளர்கள் தம் வருத்தத்தை வெளியிட்டனர். சீன அரங்குகளுக்கு அப்படம் 2018 ஜனவரியில் வந்தது.