'அவர்' என்றால் யார்?

வானியற்பியல் கட்டுரைகளில் "கீன் மற்றும் பலர், 1985" என்றொரு மேற்கோள் வரும். முதல்முறை அதைப் படித்தபோது "கீன் கண்டறிந்தார்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது என் மனத்தில் இருந்தது ஓர் ஆண். ஜோஸ்லின் கீன் ஒரு பெண் என்பது பிறகுதான் தெரிந்தது. பலர்பால் விகுதியான 'ஆர்', மரியாதைக்காக ஒருவருக்கு வரும்போது ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. அது சொல்லாமல் விட்ட இடத்தை, பெண்ணெழுத்தைப் பாடமாக நடத்தும் நானே ஓர் ஆணைக் கொண்டு நிரப்பியிருக்கிறேன்.

கீன் எதைக் கண்டார்? விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களில் கார்பன் மூன்று நிலைகளில் இருக்கிறது. மேகத்தின் வெளிப்புறத்தில், அருகிலுள்ள விண்மீன்களின் புற ஊதா ஒளி அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிட, அது அயனியாகிறது. ஒளி புகாத உட்பகுதியில் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. எதையும் இழக்காமல், எதனோடும் சேராமல் தனி அணுவாக நிற்கும் கார்பன், இவ்விரண்டுக்கும் இடையே விளிம்பில் மெல்லிய தோல்போல்தான் இருக்கும் என்று கோட்பாடுகள் கணித்திருந்தன.

அந்தத் தனி அணு 492 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கதிர்வீசுகிறது. காற்றிலுள்ள நீராவி அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆகவே சரக்கு விமானமொன்றில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது நாசாவின் கைப்பர் ஆய்வகம். அதிலிருந்து முதன்முதலாக இக்கதிர்வீச்சைப் பதிவுசெய்து 1980இல் வெளியிட்டது தாமஸ் பிலிப்ஸ் குழு.

1985இல் கீனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை எம்17, எஸ்140 என்ற இரு மேகங்களை ஆராய்ந்தது. தனி கார்பன் விளிம்போடு நிற்கவில்லை. கார்பன் மோனாக்சைடு உச்சம்பெறும் இடத்தையும் தாண்டி, இன்னும் உள்ளே அதன் உச்சம் இருந்தது. மேகம் கட்டிகளும் இடைவெளிகளுமானது, இடைவெளி வழியே புற ஊதா ஒளி ஆழத்துக்கும் போகிறது, ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு விளிம்பு உண்டு என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று.

இப்படிக் கோட்பாட்டைத் திருத்த, முதலில் கருவி கைக்கு எட்ட வேண்டும். கார்பன் உள்ளிட்ட தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாவதை விளக்கிய 1957ஆம் ஆண்டுக் கட்டுரையின் நான்கு பெயர்களில் முதலாவது மார்கரெட் பர்பிட்ஜ். மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் 1940களில் அவருக்கு ஆய்வு நல்கை மறுக்கப்பட்டது. 1955இல் அவர் அந்த மலைக்குப் போனது கணவர் ஜெஃப்ரியின் உதவியாளராக. ஜெஃப்ரி கோட்பாட்டாளர், தொலைநோக்கியில் இரவெல்லாம் வேலை செய்தவர் மார்கரெட்.

அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, கணவர் பெயரின் மறைவு தேவைப்படாமல் கீனின் பெயர் கட்டுரையின் தலைப்பில் நிற்கிறது. மேற்கோளாகச் சுருங்கும்போது அதில் பாதி உதிர்ந்துவிடுகிறது. மீதியை 'அவர்' பார்த்துக்கொள்ளும் என்று நாம் விட்டுவிடுகிறோம்.

குறிப்பேட்டைத் திருத்தியிருக்கிறேன்: "ஜோஸ்லின் கீன் கண்டறிந்தார்." இனி என் வகுப்பில் யாருடைய ஆய்வை மேற்கோள் காட்டினாலும், முதல்முறை முழுப்பெயரைத் தேடி எழுத வேண்டும் என்று சொல்லப்போகிறேன். சிறிய வேலைதான். அதைச் செய்யாததால் ஒரு பெண்ணை நான் ஆணாகப் படித்தேன்.