ஒரு ரூபாய் வித்தியாசம்



கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் எழுத்தராக இருந்தவன் நான். மாலையில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. லெட்ஜரை எடுத்து முதலிலிருந்து கூட்டிப் பார்ப்போம். அந்த ஒரு ரூபாயைத் தேடியே இரவு ஒன்பது மணி ஆன நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு ரூபாயைப் பொக்கிஷமாகப் பார்த்த வேறொரு எழுத்தரைப் பற்றி இம்முறை சொல்கிறேன்.

அவர் பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஈரோட்டில்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த கோமளத்தம்மாளுக்கு 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த பிள்ளை சீனிவாச ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். கணிதத்தைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் அழைப்பில் இங்கிலாந்து போனார்.

அங்கே நோயுற்றுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, "நான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண்" என்றார். "இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது" என்றார் ராமானுஜன். ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்:

1 + 1728 (12×12×12) = 1729
729 (9×9×9) + 1000 (10×10×10) = 1729

இந்தக் கதை பலரும் கேட்டதுதான். இனி வருவதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் கனம் ஒருபோதும் வராது என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபெர்மா சொன்னார். அதாவது, அந்தக் கணக்கு என்றைக்கும் டேலி ஆகாது. ஆனால் 9, 10 இரண்டின் கனங்களைக் கூட்டினால் 1729. 12-ன் கனமோ 1728. வித்தியாசம் ஒரே ஒரு ரூபாய்!

ராமானுஜன் கைப்பட எழுதிய தாள்களில் இப்படி ஒன்றில் தவறிய கணக்குகள் இருக்கின்றன. 135, 138 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகை 50,88,447. 172-ன் கனம் 50,88,448. இவற்றை முடிவில்லாமல் உண்டாக்கும் வழியையும் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே டாக்ஸி எண்ணுக்குச் சொன்ன பதில் அந்த நொடியில் உதித்ததல்ல, அவர் பல நாள் புழங்கிய எண் அது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார்.

அவர் பிறந்த நாள்தான் தேசிய கணித தினம். அன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் 6, 8, 9 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, முதல் இரண்டின் கனங்களைக் கூட்டச் சொல்லுங்கள். மூன்றாவதன் கனத்துக்கு ஒன்று குறையும். "எங்கே தப்பு செய்தாய்?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.