ருவாயோமோன் சொற்போரும் குழவி மொழியும்

குழவி மொழி பயிலுமாற்றை ஆராய்ந்த கருத்தரங்குகளுள், 1975 அக்டோபரில் பாரிசு நகரை அடுத்த ருவாயோமோன் மடத்தில் கூடியது பெரிதும் பேசப்படுவது. பியாசேயும் சோம்சுகியும் அங்கு நேரில் எதிர்நின்றனர். அவர்தம் வழக்கு யாதென்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

பழக்கமே மொழியைத் தரும் என்னும் நடத்தைக் கொள்கையை இருவரும் உடன்பட்டிலர். மொழிக்கு நிலைத்த கரு ஒன்று உண்டென்பதையும் பியாசே மறுத்திலர். அக்கரு எங்ஙனம் வாய்த்தது என்பதே வழக்கு. புலனும் செயலும் கூடிய அறிவினின்று குழவி தானே கட்டுவது என்றார் பியாசே; பிறவியிலேயே உடன்வருவது என்றார் சோம்சுகி.

சோம்சுகி காட்டிய சான்று ஆங்கில வினாத்தொடர். எழுவாயினுள் சார்புத்தொடர் அமைந்த வாக்கியத்தை வினாவாக்குங்கால், முதற்கண் வரும் துணைவினை முன்செல்லாது. முதன்மைத் தொடரின் துணைவினையே முன்செல்லும். இதனை உணர்த்தும் தொடர்களைக் கேளாமலே குழவி விதியை அறிகிறது என்பது அவர் வாதம். ஆயின் அது முதியோர் இலக்கணத்தினின்று எழுந்த கருதலளவை. குழவியரிடத்துக் கண்ட காட்சியளவை அன்று.

அக்குறையைக் கிரெயினும் நாக்கயாமாவும் 1987இல் வெளியிட்ட ஆய்வு நிரப்பப் புகுந்தது. 3 முதல் 5 அகவைச் சிறார் வேறு பிழைகள் செய்தனர். சார்புத்தொடரின் துணைவினையைப் பெயர்க்கும் பிழையைச் செய்திலர்.

எனினும் பிழையின்மை அறிவின் பிறப்பிடத்தைக் காட்டாது. 3 அகவைக்கு முன்னரே கற்றிருத்தலும் கூடும். ஆதலின் அவ்வாய்வு வழக்கைத் தீர்த்ததன்று; சான்றால் தீர்த்தற்குரிய நிலைக்கு அதனைக் கொணர்ந்தது என்பதே யாம் கொள்ளும் முடிபு.