அரைப்பேரும் கிடைக்காத முதுமை

மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்ற சொல்லால் அளப்பார்கள். முழுநாள் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என ஊவாவின் எத்திசையிலும் இதுவே வழக்கு. அங்கு முதியவர்கள் புறக்கணிக்கப்படுவதன் வரலாற்றை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

லயத்துக் காம்பரா தொழிலாளியின் சொத்தாக இருந்ததில்லை. உழைப்புக்கு ஈடாகத் தோட்டம் கொடுத்த இடம் அது. ஆகவே, பேர் பதிவதை நிறுத்திய தாயும் தந்தையும், தாம் ஆயுள் முழுவதும் வாழ்ந்த காம்பராவிலேயே பிள்ளையின் தயவில் இருப்பவர்களாக மாறினர்.

இதன்மேல் அரசியலும் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மகன் நீலகிரிக்கும் தாய் பதுளைக்கும் என எத்தனையோ குடும்பங்கள் பிளந்தன. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பலும் நின்றது. முதுமையில் தாங்கவேண்டிய கைகள் கடலுக்கு அப்பால் போய்விட்டன.

தோட்டத் தொழிலாளிக்கு அரச ஊழியருக்குரிய ஓய்வூதியம் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியே அவரது முதுமைக்கான முதல். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனை மொத்தமாகப் பெறலாம். பசறைப் பக்கத்தில் நான் சந்தித்த மூதாட்டி ஒருவரின் பணம் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கடனுக்குமாகச் சில மாதங்களில் கரைந்திருந்தது. "நான்தானே ரேகை வச்சேன்" என்றார். எதில் வைத்தார் என்பதை எவரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

இதனைத் துன்புறுத்தல் என்று சொல்ல உலகமே தாமதித்தது. 1975இல்தான் பிரித்தானிய மருத்துவ ஏடுகள் இதைப் பேசத் தொடங்கின. 2002ஆம் ஆண்டின் டொராண்டோ பிரகடனம், நம்பிக்கைக்குரிய உறவில் இழைக்கப்படும் தீங்கை மட்டுமன்றி, செய்யவேண்டியதைச் செய்யாது விடுவதையும் இவ்வகைக்குள் சேர்த்தது. 60 வயதைக் கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் இதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

லயத்தில் இதன் அடையாளங்கள் ஆரவாரமற்றவை. படுக்கை இஸ்தோப்புக்கு மாறும். மருந்து இடையில் நிற்கும். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் வேறொருவர் கையில் இருக்கும். முதியவரிடம் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்வார்.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருவதற்கென ஒரு சபையை அமைத்தது. ஆனால் பிள்ளைக்கெதிராக முறையிட்டால் இருக்கும் கூரையும் போய்விடும் என்று அஞ்சும் தாய் அதன் வாசலை எப்படி மிதிப்பார்? பிள்ளைகள் அனைவரும் கொடியவர்கள் என்பதல்ல என் வாதம். மகள் மத்திய கிழக்கில், மகன் கொழும்பில், கையில் வருவதோ பற்றாக்குறைச் சம்பளம். வறுமை பலவற்றை விளக்கும். ஆயினும் தாயின் பட்டினியை அது நியாயப்படுத்தாது.

ஆகவே முறைப்பாடு வரும்வரை காத்திராமல், தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநலத் தாதியும் கிராம அலுவலரும் முதியவரைத் தனியே இருத்திப் பேச வேண்டும். சாப்பிட்டீர்களா, வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே போதும், பல உண்மைகள் வெளிவர.