ஆப்பிள் மரப்பட்டையும் நீரிழிவும்

காய்ச்சலுக்குக் கசப்பே மருந்து என்று மக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ஆம் ஆண்டில் கொயினா பிரித்தெடுக்கப்பட்டதும் அந்நம்பிக்கை மேலும் உரம் பெற்றது. ஐரோப்பிய இரசாயன அறிஞர்கள் தங்கள் நாட்டு மரப்பட்டைகளையும் ஆராயத் தலைப்பட்டனர். 1835-ஆம் ஆண்டில் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருள் கிடைத்தது. பட்டை, வேர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு ஃப்ளோரிசின் என்று பெயரிட்டனர். காய்ச்சலுக்கு மருந்தாகவும் அது கொடுக்கப்பட்டது.

அரை நூற்றாண்டு கழிந்தது. அந்நாளில் ஜெர்மானியப் பேரரசைச் சேர்ந்திருந்த ஸ்டிராஸ்பர்க் நகரில் ஜோசப் வான் மெரிங் என்னும் மருத்துவர் ஆராய்ச்சி நடத்தி வந்தார். 1886-ஆம் ஆண்டில், ஃப்ளோரிசின் கொடுக்கப்பட்ட நாய்களின் சிறுநீரில் சர்க்கரை மிகுதியாக வெளிப்படுவதை அவர் கண்டறிந்தார். சிறுநீரின் இனிப்பே நீரிழிவின் அடையாளம் என்பது பழைய அறிவு. நம் நாட்டுப் பண்டை மருத்துவர்களும் அந்நோயை மதுமேகம் என்றே அழைத்தனர். ஆகவே மெரிங் கண்ட நிலைக்கும் 'ஃப்ளோரிசின் நீரிழிவு' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ஆனால் அது உண்மையில் நீரிழிவுதானா? 1889-இல் மெரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு கண்டது. கணையத்தை இழந்த நாயின் இரத்தத்தில் சர்க்கரை பெருகுகிறது. ஃப்ளோரிசின் உண்ட நாயின் இரத்தத்திலோ அது பெருகுவதில்லை. ஏரி நிரம்பி வழிவது வேறு. மதகு திறந்திருப்பதால் நீர் வெளியேறுவது வேறு அன்றோ? இரண்டிலும் வெளியே நீர் ஓடுகிறது. காரணம் மட்டும் ஒன்றன்று.

மாணவர்களே, அந்த மதகு நம் சிறுநீரகத்தில் இருக்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரை இரத்தத்திலிருந்து சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. நலமுள்ள சிறுநீரகம் அதனை அநேகமாக முழுவதும் மீட்டு இரத்தத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஃப்ளோரிசின் இம்மீட்சியைத் தடுக்கிறது. மனிதரிடத்தும் இவ்விளைவு உண்டு என்பதை 1933-இல் நியூயார்க் அறிஞர்கள் ஆராய்ந்து காட்டினர்.

இங்கேதான் ஓர் அரிய எண்ணம் பிறந்தது. நிரம்பி வழியும் ஏரியில் மதகைத் திறந்துவிட்டால் நன்மைதானே? 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுற்ற எலிகளுக்கு ஃப்ளோரிசின் கொடுத்தபோது அவற்றின் இரத்தச் சர்க்கரை தணிந்தது. ஒருகால் நோயை உண்டாக்குவதாகக் கருதப்பட்ட பொருளே நோயைத் தணிக்கக் கண்டனர்! ஆயினும் இடர் ஒன்று எஞ்சியது. வாய்வழி உட்கொண்டால் ஃப்ளோரிசின் குடலிலேயே சிதைந்துவிடும். எனவே அதன் அமைப்பைத் தழுவிக் குடலில் சிதையாத புதிய பொருள்களை அறிஞர்கள் ஆக்கினர். அவற்றுள் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. பட்டையிலிருந்து மாத்திரைக்கு வந்து சேர 177 ஆண்டுகள் ஆயின.

ஆப்பிள் பழத்திலும், சிறப்பாக அதன் தோலில், ஃப்ளோரிசின் சிறிதளவு உண்டு. அப்படியாயின் பழத்தைத் தின்றே நோயைத் தீர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது பொருந்தாது. அளவும் போதாது, குடலும் அதனை விட்டுவைப்பதில்லை.

பழம் உண்பதால் பயனே இல்லையோ எனின், அதுவும் அன்று. அமெரிக்க மருத்துவப் பணியாளர் ஏறத்தாழ 1,87,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாயிற்று. அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் முதலியவற்றை முழுப் பழமாக அடிக்கடி உண்டவர்களிடையே, பெரியோரிடம் மிகுதியாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவே தோன்றியது. பழச்சாறு மிகுதியாகப் பருகியவர்களிடையே அது கூடுதலாகத் தோன்றியது. பழமே நோயைத் தடுத்தது என இதனால் உறுதியாகச் சொல்லிவிட இயலாது. பழம் உண்போரின் பிற நற்பழக்கங்களும் துணை செய்திருக்கலாம். எனினும் சாறு பிழிவதைவிடப் பழத்தைக் கடித்துத் தின்பதே மேல் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நோய் வருமுன் உணவில் பேணும் ஒழுங்கு ஒன்று. வந்தபின் செய்யும் மருத்துவம் மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உயிருக்கே இடராக முடியும். கணையம் இன்சுலின் சுரக்காத ஒரு குழந்தைக்கு, ஏதோ ஒரு கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்திவிட்டால், சில நாட்களுக்குள்ளேயே உயிர் போய்விடலாம். தாவரங்களில் மருந்து உண்டு என்பதை அறிவியல் மறுக்கவில்லை. எது, எவ்வளவு, எவர்க்கு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதனை மருந்தாக ஏற்கிறது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவரேனும் மருத்துவர் தந்த மருந்தைக் கைவிட்டு மூலிகையை நாடுவாராயின், இம்மூன்று வினாக்களையும் பணிவோடு அவர்முன் எழுப்புங்கள். நீங்கள் கற்ற கல்வி பயன்பட வேண்டிய இடம் அதுவே.