டேப் ரெக்கார்டரும் பாலைவனத் துறவியும்

நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், 1970-களின் தொடக்கத்தில், செயின்ட் மார்க்ஸ் என்ற இலவச கிளினிக் நடந்துவந்தது. போதையில் சிக்கியவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள், கையில் காசில்லாதவர்கள் வந்துபோகும் இடம். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். அவர்களோடு ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளரும் இருந்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பகலெல்லாம் தன் சொந்த கிளினிக்கில் ஆட்களைப் பார்ப்பார். சாயங்காலம் இங்கே வந்தால், வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும்.

ஆஸ்பத்திரி வார்டிலேயே காலம் கழித்து ரிடையர் ஆனவள் நான். இந்த ரகத்து ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். “நீங்க போங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்” என்று அடுத்தவளின் நைட் டூட்டியையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நாமும் அவர்களைத்தான் மெச்சுவோம்.

மனைவியின் வற்புறுத்தலால் குடும்பத்தோடு வெளியூர் போக ஏற்பாடானது. கிளம்பும் நாளன்று ஃப்ராய்டன்பெர்கரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. பயணம் நின்றுபோனது. தூங்கித் தீர்த்தார். பிறகு டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்து, மனதில் இருந்ததையெல்லாம் பேசிப் பதிவு செய்தார். யாரோ ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்தக் குரலில் களைப்போடு கோபமும் இருந்தது. அவருக்கே அது அதிர்ச்சி.

இதையும் கிளினிக் தொண்டர்களிடம் கண்டதையும் வைத்து 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை ஒரு மனிதரை உள்ளிருந்து தீய்த்துவிடும் இந்த நிலைக்கு உளவியல் உலகில் ‘பர்ன் அவுட்’ என்ற பெயரும் ஓர் இடமும் வாங்கித் தந்தது அதுதான். விடாத சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபமும் அழுகையும், யாரையும் நம்பாத மனம் என்று அறிகுறிகளை அடுக்குகிறார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: இவர்கள் வேலை செய்யும் நேரம் கூடிக்கொண்டே போகும், முடிகிற வேலை குறைந்துகொண்டே போகும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜூனியர் நர்ஸ் ஒருத்தி, கெட்டிக்காரி. விடிகாலை நாலு மணிக்கு ஸ்டாக் அலமாரியைத் திறந்து ஊசி மருந்துகளை எண்ணுவாள், ரெஜிஸ்டரில் எழுதுவாள், மறுபடி திறந்து எண்ணுவாள். காலையில் டூட்டியை ஒப்படைத்த பிறகும் வீட்டுக்குப் போகமாட்டாள்; எழுதி முடித்த சார்ட்டையே புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வார்டில் அவளுக்கு ‘ரொம்பப் பொறுப்பு’ என்று பேர்.

ஃப்ராய்டன்பெர்கருக்குப் பதினாறு நூற்றாண்டுகள் முன்பே எகிப்தியப் பாலைவனத்தில் ஒருவர் இதை எழுதிவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. எவாக்ரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி. கான்ஸ்டான்டினோபிளில் பெயர்பெற்ற பிரசங்கியாக இருந்தவர், கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பில் புத்தகம் பிரதியெடுத்துப் பிழைத்து 399-இல் இறந்தார். துறவிகளை நண்பகலில் பிடிக்கும் ஒரு பேயைப் பற்றி அவர் சொல்வது அச்சு அசலாக ஒரு நைட் டூட்டி. காலை பத்துக்குப் பிடித்தால் மதியம் இரண்டு வரை விடாது. சூரியன் நகரவே நகராது. பொழுது 50 மணி நேரமாகத் தோன்றும். துறவி ஜன்னலையே பார்ப்பான், சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று வெளியே வந்து வெயிலை அளப்பான். இடம் கசக்கும், வேலை கசக்கும், கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லை என்று தோன்றும். அவருக்குப் பின் வந்த காசியன் என்ற துறவி இன்னும் நுட்பமானவர்: இந்தப் பேய் சேவை வேஷத்திலும் வரும் என்கிறார். நோயாளியைப் பார்க்கப் போகலாம், ஆதரவற்ற பெண்ணுக்கு உதவப் போகலாம் என்று ஓடவைக்கும்.

எவாக்ரியஸ் சொன்ன மருந்துகளில் ஒன்று என்னை வியக்க வைத்தது. மனதை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒன்று அழட்டும், மற்றது தேற்றட்டும் என்கிறார். டேப் ரெக்கார்டர் செய்த வேலையும் அதுதானே?

பின்னால் வந்தவர்கள் இந்த நுட்பத்தைத் தொலைத்தார்கள். பேயாக இருந்தது மெல்ல மெல்லப் பாவமாயிற்று. ஏழு பெரும் பாவங்களின் பட்டியலில் ‘சோம்பல்’ என்று உட்கார்ந்தது. களைத்தவரைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கத்துக்கு இப்படி மதத்தின் பலமும் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது நரம்புத் தளர்ச்சி ஆனது. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் அதைப் பிரபலமாக்கினார். பெண்களை வாரக்கணக்கில் படுக்கவைத்துப் பால் புகட்டினார்கள், ஆண்களை மேற்கே குதிரையேறப் போகச் சொன்னார்கள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஃப்ராய்டன்பெர்கரின் கட்டுரைக்குப் பின், 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பர்ன் அவுட்டை அளக்க 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உணர்வு வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பாராமல் போவது, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் என்று மூன்றையும் தனித்தனியே அளக்க அது வழிசெய்தது. இரண்டாவதை அறிய நர்ஸுக்கு அளவுகோல் வேண்டாம். நேற்றுவரை ‘மீனாட்சி பாட்டி’ என்று கூப்பிட்டவள் இன்று ‘ஏழாம் பெட்’ என்கிறாளா, பார்த்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட்டுக்கு இடம் தந்தது, ஆனால் நோயாக அல்ல. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாக. அதாவது கோளாறைத் தேட வேண்டிய இடங்களில் வேலையும் உண்டு.

1974 கட்டுரையிலும் தீர்வுகள் பெரும்பாலும் டூட்டி லிஸ்ட் சம்பந்தமானவைதான். ஒரே ஆளை ஒரே கடினமான வேலைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பாதே, வேலை நேரத்துக்கு எல்லை போடு, தேய்ந்துபோனவரைக் கொஞ்ச காலம் விலக்கி வை, ஆட்களைக் கூட்டு. டூட்டி லிஸ்ட் போடும் சிஸ்டர்களே, தானே முன்வந்து நைட் கேட்பவளின் பெயரை அடுத்த மாதப் பட்டியலில் ஒருமுறை பென்சிலால் அடித்துப் பாருங்கள். லீவு எழுதித் தரமாட்டேன் என்று அவள் சண்டை போட்டால், லீவு முதலில் அவளுக்குத்தான்.