மதீனாப் பள்ளியின் கூரைமரம்

சஹீஹுல் புகாரியில் பள்ளிவாசல்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளியின் சுவர் பச்சைச் செங்கல்; தூண் பேரீச்ச மரம்; கூரை அதன் மட்டை. அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் அதில் எதனையும் கூட்டவில்லை. உமர் (ரலி) அவர்கள் பள்ளியை விரித்தார்கள். ஆயினும் பழைய அமைப்பைக் கைவிடவில்லை. ஹிஜ்ரி 29இல், அதாவது கி.பி. 649-50இல், உதுமான் (ரலி) அவர்கள்தாம் சுவரையும் தூணையும் செதுக்கிய கல்லால் எழுப்பிக் கூரையைச் 'சாஜ்' மரத்தால் அமைத்தார்கள். இது குறித்து மக்களிடையே பேச்சு எழுந்ததும், அல்லாஹ்வுக்காகப் பள்ளி கட்டுவோரின் நற்கூலி பற்றிய நபிமொழியைக் கூறி கலீபா அவர்கள் விடையளித்ததும் அந்நூலிலேயே உள்ளன.

சாஜ் என்றால் தேக்கு. அகராதியைப் புரட்டுவோர் ஏமாந்துவிடக் கூடாது. அதே சொல் ஒருவகைப் போர்வைக்கும் வழங்கும், இக்காலத்தில் ரொட்டி சுடும் இரும்புத் தட்டுக்கும் வழங்கும். பள்ளியின் கூரையில் போர்வையும் இல்லை, தட்டும் இல்லை. நூஹ் (அலை) அவர்களின் கப்பல் இம்மரத்தால் ஆனதென்றும், அவர்கள் மரத்தை நட்டு, அது வளர்ந்து முற்றும் வரை பல்லாண்டு காத்திருந்தார்களென்றும் தப்ஸீர்களில் அறிவிப்புகள் உண்டு. தேக்கின் இயல்பை அறிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு வியப்பளிக்காது.

"ஹஜ்ரத், அப்படியானால் அது நம் மலையாளத்துத் தேக்குதானே?" என்று மாணவர்களுள் ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. ஆசை நியாயமானதுதான். ஆனால் ஹதீஸில் இருப்பது 'சாஜ்' என்ற ஒரு சொல் மட்டுமே. மலபாரில் மட்டுமன்றிக் கொங்கணத்திலும் குஜராத்திலும் பர்மாவிலும் தேக்கு விளைகிறது. அரபு மண்ணில் அது விளைவதில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே கல்விக்கு அழகு. அதுவே பெரிய செய்தியும் ஆகும். இஸ்லாம் தோன்றி அரை நூற்றாண்டு ஆவதற்குள் நபிகளாரின் பள்ளிக்கு நிழல் தந்தது கடல் கடந்து வந்த ஒரு மரம்!

இதற்குக் காரணம் அந்நாட்டின் மரங்களை நோக்கினால் விளங்கும். பேரீச்சையின் தண்டு நாரால் ஆனது, பலகையாக அறுபடாது. 'அஸ்ல்' எனும் மரம் ஓரளவு உதவும். பெருமானாரின் மிம்பரே மதீனாவை அடுத்த வனத்து அஸ்ல் மரத்தால் செய்யப்பட்டதுதான். மற்றவை பெரும்பாலும் முள்மரங்களும் புதர்களுமே. அவை வீடு கட்ட உதவா. ஆனால் வீட்டைச் சூடேற்ற அவற்றுக்கு நிகரில்லை. நஜ்து நாட்டின் மணல்மேடுகளில் வளரும் 'கழா' எனும் புதர்மரத்தின் தணல் நெடுநேரம் அவியாது. பொறுக்க முடியாத தவிப்பில் இருப்பவனைக் 'கழாத் தணலின் மேல் இருக்கிறான்' என்று அரபிகள் சொல்வதும் அதனால்தான். குராசானில் மரணத்தை எதிர்நோக்கிய மாலிக் இப்னு ரைப், தம் இரங்கற்பாவைத் தாமே பாடியபோது, ஊரை நினைத்து ஏங்கியது அந்தக் கழா மரங்களைச் சொல்லித்தான். மூஸா (அலை) அவர்கள் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டு, தம் குடும்பத்தார் குளிர்காயக் கொள்ளி கொண்டுவர எண்ணியதைக் குர்ஆன் கூறுகிறது. 'குளிர்காய்தல்' என்ற சொல் தமிழில் இருந்தும், நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆயத்தின் அருமையை விளக்க நாம் படும் பாடு கொஞ்சமன்று. பாலைவனம் என்றால் வெயில் மட்டுமே என்று எண்ணுகிறார்கள். அதன் மாரிக்கால இரவை அறியார்கள்.

ஆக, எரிக்க மரம் உண்டு, கட்ட மரம் இல்லை. இந்தக் குறையே கடல் வாணிபத்தின் ஒரு பெரும் பகுதியை நடத்தியது. நம் வரலாற்று நூல்கள் மிளகையும் குதிரையையும் பற்றி எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட மரத்தைப் பற்றி எழுதவில்லை என்பது நம் நெடுநாளைய குறை. பாரசீகக் கரையிலிருந்த சீராப் துறைமுகத்தின் மாடி வீடுகள் தேக்காலும் கிழக்கு ஆப்பிரிக்க மரத்தாலும் ஆனவை என்றும், வணிகர் ஒருவர் ஒரே வீட்டுக்கு 30,000 தீனாருக்கு மேல் செலவிட்டார் என்றும் பத்தாம் நூற்றாண்டின் இஸ்தக்ரீ எழுதுகிறார். 977ஆம் ஆண்டின் நிலநடுக்கம் அந்நகரைக் குலைத்தது. அதே நூற்றாண்டின் அபூ ஸைத் சீராபீ தரும் செய்தி இன்னும் சுவையானது. ஓமான் நாட்டார் தச்சுக் கருவிகளோடு தென்னந்தீவுகளுக்குச் செல்வார்களாம். அங்கேயே தென்னையை வெட்டி உலர்த்திப் பலகையாக்கி, கயிற்றால் தைத்துக் கப்பலாக்கி, அதில் தேங்காயையே ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். 1183இல் செங்கடலைக் கடந்த இப்னு ஜுபைரும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மரக்கலங்களையும், அவற்றுக்கான மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்ததையும் குறித்துள்ளார்.

தூனிஸியாவின் கைரவான் பெரிய பள்ளியில் 862-63ஐ ஒட்டிச் செய்யப்பட்ட தேக்கு மிம்பர் இன்றும் இருக்கிறது. உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களுள் மிகப் பழையது அதுவே. செதுக்கிய பலகைகள் மட்டும் ஏறத்தாழ முந்நூறு. அந்தத் தேக்கு, 'ஊத்' எனும் யாழ்வகை இசைக்கருவி செய்வதற்காகப் பகுதாதிலிருந்து வருவிக்கப்பட்டது என்றும், பின்னரே அமீர் அதனை மிம்பருக்கு ஆக்கினார் என்றும் கூறுவர்.

வாங்கியவர் கதை இது. காட்டின் கதை வேறு. மலபாரில் மாப்பிள்ளை வணிகர்கள் ஆற்றில் மிதக்கவிட்டுக் கல்லாயிக்குக் கொண்டுவந்த தேக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1806இல் வாட்சன் என்ற அதிகாரியைக் காட்டுக் காவலராக அமர்த்தித் தன் தனியுரிமையாக்கியது. போர்க்கப்பலுக்கு மரம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். வணிகரும் காட்டுடைமையாளரும் ஓயாமல் முறையிட்டதன் பின், 1823இல் சர் தாமஸ் மன்றோ அதனை நீக்கினார். அதற்குள்ளும் அதற்குப் பின்னும் காடு வெகுவாக அழிந்தது. வெட்டுவது எளிது என்பதைக் கம்பெனியாரும் கண்டார்கள், நம்மவரும் கண்டார்கள். நம்மவர் மேல் குற்றமே இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். 1840களில் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். சாத்து மேனோன் என்பவர் அந்தக் கடினமான பணியை நின்று முடித்தார். அங்கே அப்போது நட்ட மரங்களுள் சில இன்னும் நிற்கின்றன.

கழாவின் நிலையும் இதுதான். குளிர்காயவும் காவா காய்ச்சவும் தலைமுறை தலைமுறையாக வெட்டியதில் நஜ்தின் மணல்மேடுகள் பல வெறுமையாயின. இப்போது சவூதி அரசு விறகு வெட்டுவதையும் விற்பதையும் தண்டனைக்குரியதாக்கி, உனைஸா முதலிய இடங்களில் கழா வளரும் நிலங்களைக் காத்து வருகிறது. அந்நாட்டுக் கடைகளில் மாரிக்காலத்தில் விற்கப்படும் விறகுக் கட்டுகள் கப்பலில் இறக்குமதியாகின்றன.